ஒளிச்சு வெச்சவங்க திரும்பி வரல

வணக்கம் மக்களே. இப்ப நான் நிக்கிறது சீர்காழி, சட்டைநாதர் கோயில் வாசல்ல. பஸ் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

2023 ஏப்ரல்ல, கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி, யாகசாலைக்காக உள்ள மண்ணு தோண்டுனாங்க. இருபதுக்கு மேல ஐம்பொன் சிலைங்க வந்துச்சு. கூடவே தேவாரம் பொறிச்ச செப்பேடுங்க, நூத்துக்கணக்குல. சம்பந்தர் பொறந்த ஊருங்க இது! இங்க தேவாரம் மண்ணுக்குள்ள கிடந்திருக்கு. அந்தச் செய்தி பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

எல்லாரும் புதையல்னாங்க. எனக்கு அந்த வார்த்தை ஒட்டல. இது காசை யாருக்கும் தராம பதுக்குனது இல்லையே. பெருமாள் கோயில்களுக்கான வைகானச ஆகமத்துல, படை வந்தா, திருடன் வந்தா சாமியை எப்படி மறைக்கணும்னு முறையே இருக்கு. குழி வெட்டி, மணல் பரப்பி, "ஆபத்து தீர்ற வரைக்கும் பூமாதேவியோட படுத்திருங்க"ன்னு வேண்டிக்கிட்டுப் படுக்க வைக்கணும். தீர்ற வரைக்கும். அப்படின்னா, வந்து எடுத்துருவோம்னு நம்பித்தானே மண்ணைத் தள்ளியிருப்பாங்க?

சின்ன வயசுல ஐஸ்பாய் விளையாடுறப்போ பாட்டி வீட்டுப் பத்தாயத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கேன். யாராலயும் கண்டுபிடிக்க முடியல. முதல்ல பெருமையா இருந்துச்சு. நேரமாக ஆக பயம் வந்து, நானே இருமிக் காட்டிக் கொடுத்தேன். மண்ணுக்குள்ள இருக்கிற சாமி எப்படி இருமும், சொல்லுங்க?

ஸ்ரீரங்கத்து விஷயம் கேளுங்க. 1323-ல டெல்லிப் படை வந்தப்போ, உற்சவர் அழகிய மணவாளரை எடுத்துக்கிட்டு வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் கிளம்பிட்டார். மதுரைப் பக்கத்துலயே அவர் காலம் முடிஞ்சுபோச்சு. பெருமாள் மட்டும் மலையாள தேசம், மேல்கோட்டை, திருமலைன்னு சுத்தி 1371-ல வீடு வந்து சேர்ந்தார். 48 வருஷம். அதுக்குள்ள இங்க வேற விக்ரகத்துக்குப் பூஜை நடந்துக்கிட்டு இருக்கு. எது பழைய பெருமாள்னு அடையாளம் சொல்ல ஆளில்ல. அப்போ பெருமாள் துணி வெளுக்கிற ஒரு ஈரங்கொல்லி, தள்ளாத வயசு, கண் பார்வையும் இல்ல, அவரைக் கூட்டிட்டு வந்தாங்கன்னு அந்த ஊர்ல சொல்லுவாங்க. ரெண்டு பேருக்கும் திருமஞ்சனம் பண்ணி, ஈரத்துணியைப் பிழிஞ்ச தண்ணியைக் கொடுத்திருக்காங்க. வாங்கிக் குடிச்சுப் பார்த்துட்டு, "இவரே நம்பெருமாள்"னாராம். இன்னிக்கும் அதுதானே பேரு!

எப்பச் சொன்னாலும் இந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுக்குது. படையும் பாக்க முடியாம, நம்ம ஆளும் மறக்காம ஒரு இடத்துல வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க. சீர்காழியில அந்த எடம் தெரிஞ்ச கடைசி மனுஷன் யார்கிட்டயும் சொல்ல முடியாமலே போயிட்டார் போல.

சரி, அடுத்து திருவெண்காடு போறேன், பக்கந்தான். 1950கள்ல அந்த ஊர் மண்ணுல கிடைச்ச ரிஷபவாகனர், அதாவது காளையோட நிக்கிற சிவன், இப்போ தஞ்சாவூர் கலைக்கூடத்துல இருக்கார். 1011-ஐ ஒட்டி, ராஜராஜ சோழன் காலத்துல செஞ்சவர். தலைப்பாகை மாதிரி சடை சுத்தி, காளை மேல ஒரு கையைச் சாய்ச்சு ஒய்யாரமா நிப்பார். ஆனா காளை இல்ல. அது நின்ன உயரத்துலயே கை மட்டும் அப்படியே இருக்கு. அந்தக் காளை இன்னும் அந்த மண்ணுலயே எங்கயாவது படுத்திருக்கும்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

பஸ் வந்துடுச்சுங்க, ஏறிட்டு பேசுறேன்.