இத்தாலிய வண்டியும் நம்மூர் உப்புக் காற்றும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலிய ஸ்போர்ட்ஸ் பைக்கைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். இதை வானொலியில் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சிவப்பு பைக் என்றாலே நினைவுக்கு வருகிற டுகாட்டி கம்பெனி, 1926-இல் பொலோனியா நகரத்தில் தொடங்கியபோது பைக் எதுவும் செய்யவில்லை. வானொலிப் பெட்டிக்கான கண்டன்சர்களைத்தான் செய்தது. அந்தோனியோ டுகாட்டியும் அவருடைய மூன்று மகன்களும் ஆரம்பித்த கம்பெனி. 1944-இல், உலகப் போரில் அந்தத் தொழிற்சாலை மேல் குண்டு விழுந்தது. போர் முடிந்தபோது மக்கள் கையில் காசு கிடையாது, சைக்கிள்தான் வண்டி. அந்தச் சைக்கிளில் மாட்டி ஓட்டுகிற 48 சிசி எஞ்சின் ஒன்றை 1946-இல் செய்ய ஆரம்பித்தார்கள். அதன் பெயர் குச்சோலோ, நாய்க்குட்டி என்று அர்த்தம். இன்று 25 லட்சம் ரூபாய்க்கு மேல் விலை போகிற பனிகாலே வி4 வண்டிக்கு மூதாதை அந்த நாய்க்குட்டிதான்.

எனக்கு நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் லேத் பட்டறை. குளச்சல், முட்டம் படகுகளின் ஷாஃப்ட் வரும், குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் ரோலர்கள் வரும். இருபத்தைந்து வருஷமாக இரும்பையும் அலுமினியத்தையும் கடைந்துகொண்டிருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கொச்சியில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த டுகாட்டி சூப்பர்ஸ்போர்ட்டை வாங்கினேன். 937 சிசி, இரண்டு சிலிண்டர். களியக்காவிளை தாண்டி அதை ஓட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நிறுத்தியபோது, அம்மா வெளியே வந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "மக்களே, சத்தம் ஒரு மாதிரி விட்டு விட்டு வருதே, எஞ்சினுக்கு ஏதும் கேடா?" என்றார்கள்.

அம்மா கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொன்னாலே இந்த வண்டியின் பாதிக் கதை சொன்ன மாதிரி.

டுகாட்டியின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களும் 90 டிகிரியில் நிற்கும். ஒன்று கிட்டத்தட்டப் படுத்தபடி முன் சக்கரத்தைப் பார்க்கும், இன்னொன்று சீட்டுக்குக் கீழே நிமிர்ந்து நிற்கும். ஒன்றில் எரிபொருள் வெடித்து, கிராங்க் என்கிற எஞ்சின் தண்டு 270 டிகிரி சுற்றியதும் அடுத்ததில் வெடிக்கும். அதற்கப்புறம் 450 டிகிரி சுற்றிய பிறகுதான் மறுபடி முதல் சிலிண்டர். இரண்டு அடி நெருங்கி விழும், பிறகு ஒரு இடைவெளி. வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவர் இரண்டு தட்டு சேர்த்துத் தட்டிவிட்டு ஒரு நொடி கையை நிறுத்துவாரே, அந்தத் தாளம். நாலு சிலிண்டர் ஜப்பான் வண்டி ஒரே இழையாகப் பாடும். இது தட்டித் தட்டிப் பேசும். 90 டிகிரி அமைப்பால் அதிர்வும் நன்றாக அடங்கிவிடும்.

சரி, அந்த நிமிர்ந்து நிற்கிற பின் சிலிண்டர் எங்கே இருக்கிறது? நம் தொடைக்கு நடுவில். மார்த்தாண்டம் சந்தை நாளில் பாலத்துக்குக் கீழே அரைமணி நேரம் ஊர்ந்து பாருங்கள். பேன்ட் துணி சூடேறித் தோலில் ஒட்டும், ரேடியேட்டர் விசிறி நிற்காமல் ஓடும், கிளட்ச் பிடித்த விரல்கள் மரத்துப்போகும். ஹேண்டிலும் அதிகம் திரும்பாது. ஸ்கூட்டர் ஒரே வீச்சில் திரும்புகிற இடத்தில் நான் மூன்று தடவை முன்னும் பின்னும் தள்ளியிருக்கிறேன். சத்தத்தைத் தருவது எந்த அமைப்போ, சூட்டைத் தருவதும் அதே அமைப்புதான். இந்த வண்டியோடு வாழ்ந்ததில் எனக்கு விளங்கியது இது. நம்மை மயக்குகிற பாகத்தைத் தொட்டுப் பார்த்தால் நம்மைப் படுத்துகிற பாகமும் அதுவாகவே இருக்கும்.

எஞ்சினுக்கு உள்ளே போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கடைக் கதவில் ஸ்பிரிங் போட்டிருப்பார்கள் இல்லையா? தள்ளினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். சாதாரண எஞ்சினில், காற்றும் புகையும் வந்துபோகிற கதவான வால்வும் அப்படித்தான். கேம் என்கிற சுழலும் மேடு தள்ளித் திறக்கும், ஸ்பிரிங் இழுத்து மூடும். என் வண்டி நிமிடத்துக்கு 9,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 75 தடவை திறந்து மூடுகிறது. 1950-களில் கிடைத்த ஸ்பிரிங் எஃகு இந்த மாதிரி வேகத்துக்கெல்லாம் ஈடுகொடுக்காது. மூட வேண்டிய நேரத்தில் வால்வு மிதந்துகொண்டு நிற்கும், சில சமயம் பிஸ்டனில் இடிக்கும். 1954-இல் டுகாட்டிக்கு வந்த பொறியாளர் ஃபாபியோ தாலியோனி இதற்கு ஒரு வழி செய்தார். ஸ்பிரிங்கை நம்பாமல், திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம் என்று வைத்தார். கதவைத் தள்ள ஒரு கை, இழுத்துச் சாத்த ஒரு கை. இதற்கு டெஸ்மோட்ரோமிக் என்று பெயர், சுருக்கமாக டெஸ்மோ. 1956-இல் அவர் செய்த 125 சிசி ரேஸ் வண்டி, சுவீடனில் தன் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது. 1968-லிருந்து சாதாரணமாகக் கடையில் வாங்குகிற வண்டிக்கும் டெஸ்மோ வந்துவிட்டது.

இந்த யோசனையைக் கண்டுபிடித்தது டுகாட்டி இல்லை. மெர்சிடீஸும் 1954-இல் தன் ரேஸ் காரில் வைத்திருந்தது. ஆனால் மற்றவர்கள் விட்டுவிட்டுப் போன பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தான். லேத்தில் வேலை செய்கிறவனுக்கு அந்தப் பிடிவாதத்தின் மேல் ஒரு மரியாதை வந்துவிடும். எனக்கு வந்தது.

ஆனால் கணக்குப் பாருங்கள். என் எஞ்சினில் எட்டு வால்வு. ஒவ்வொன்றுக்கும் திறக்கிற பக்கம் ஒரு இடைவெளி, மூடுகிற பக்கம் ஒரு இடைவெளி. மொத்தம் பதினாறு. எல்லாமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்து, ஷிம் என்கிற சின்ன எஃகுத் துண்டைக் கழற்றி, வேறு கனத்தில் போட்டு, மறுபடி அளக்க வேண்டும். என் மாடலுக்கு 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இந்த வேலை. வண்டி கொட்டகையிலேயே நின்றாலும், கேமைச் சுற்றுகிற பெல்ட்டை ஐந்து வருஷத்தில் மாற்றியாக வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதோடு எஞ்சின் முடிந்தது. நம் மாவட்டத்தில் இதற்கு அதிகாரபூர்வ சர்வீஸ் கிடையாது. கொச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். நான் கொடுத்த பில் ஒரு நல்ல 100 சிசி வண்டியின் விலையில் பாதிக்கு மேல் வந்தது. ஒரு தடவை சின்ன ரப்பர் சீல் ஒன்றுக்காக ஜூலை கடைசியில் சொல்லிவைத்து, செப்டம்பரில்தான் கையில் கிடைத்தது. ஆகஸ்ட் நடுவில் இத்தாலியே ஃபெர்ராகோஸ்தோ விடுமுறையில் கடையைச் சாத்திவிடும். ஆகஸ்டில் பாகம் தேவைப்படாதபடி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்கும் அப்புறம் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில் ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போகும். விடிகாலை ஆறு மணிக்குப் பால் எடுக்க வந்தவர்கள் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருப்பார்கள். மூன்றாவது கியர், ஐம்பது கிலோமீட்டர் வேகம், அதற்கு மேல் தேவையே இல்லை. வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பார்வையை வளைவின் கடைசிக்குக் கொண்டுபோனால் போதும், வண்டி தானாகச் சாயும். அதன் சட்டம் எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்துப் பற்றவைத்தது. ரோட்டில் சின்னக் கல் கிடந்தால் இடுப்புக்குத் தெரியும், ஈரமான சருகு கிடந்தால் உள்ளங்கைக்குத் தெரியும். வளைவு முடிந்து லேசாக முறுக்கியதும் அந்த இரண்டு அடி, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு அடி. ஒவ்வொரு அடியும் பின் டயரைத் தரையில் ஊன்றித் தள்ளுவது உடம்புக்குள் கேட்கும். இருநூறில் பறந்தால்தான் இந்த வண்டி சுகம் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த ரோட்டைத்தான் காட்டுவேன். நம் ரோட்டில் பள்ளிப் பிள்ளைகளும் பால்காரரும் ஆடும் இருக்கிறார்கள். வேகம் வேண்டுமானால் கோயம்புத்தூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத் தடம் இருக்கிறது.

அதே குலசேகரம் ரோட்டில்தான் ஒரு நாள் சாயங்கால மழையில் மாட்டிக்கொண்டேன். டீக்கடையில் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் ஓடுகிறது. முதல் கியர் போட்டால் அணைந்துவிடுகிறது. நாலு தடவை இப்படி. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த தம்பி வந்து குனிந்து பார்த்தான். "அண்ணே, இது எஞ்சின் கோளாறு இல்ல, ஸ்டாண்டு சுவிட்சு" என்றான். போன் வெளிச்சத்தில் இணைப்பைக் கழற்றினால், ஊசி முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. முந்தின வாரம் முட்டம் கடற்கரையில் அரை நாள் நிறுத்தி வைத்திருந்தேன். உப்புக் காற்று உள்ளே போய்விட்டது. சைடு ஸ்டாண்ட் கீழேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வண்டி தன்னை அணைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தம்பி பழைய டூத் பிரஷ்ஷால் களிம்பைத் தேய்த்து, துணியால் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினான். ஓடிற்று. டுகாட்டியை அவன் அன்றுதான் முதல் தடவை தொட்டானாம். காசு கொடுத்தபோது வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது. கடற்கரைச் சாலையில் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துடைத்து, போல்ட் தலைகளுக்கும் செயினுக்கும் எண்ணெய் காட்டுவது. வருஷத்துக்கு இரண்டு தடவை, எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன்னாலும் ஐப்பசி மழைக்கு முன்னாலும், எல்லா இணைப்பையும் கழற்றிக் களிம்பு பார்ப்பது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மூன்று பக்கமும் கடல் அடிக்கிற முனை வேறு. பொலோனியாவில் அந்த உப்பு கிடையாது.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைப் பக்கம் போனால், ஃபேரிங் என்கிற, வண்டியை முழுசாக மூடிய உறை ஒரு பாய்மரம் மாதிரி. லாரியின் மறைவிலிருந்து வெளியே வந்த நொடியில் வண்டி ஒரு முழம் தள்ளிப்போகும். அங்கே ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும்.

இப்போது வாங்க நினைக்கிற பிள்ளைகளுக்கு. 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம் ஜிஎஸ்டி. ஆகவே நிறையப் பேர் கேரளத்தில் பழைய வண்டி தேடுகிறார்கள். தேடலாம், தப்பில்லை. ஆனால் அந்த ஆர்டிஓவிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, டிஎன் 74 அல்லது 75 என்று எண் மாற்றுகிற செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள். பெல்ட் எப்போது மாற்றினார்கள், வால்வு எப்போது பார்த்தார்கள் என்பதற்குப் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

முதல் இத்தாலிய வண்டி வேண்டும் என்கிறவர்களுக்கு நான் அப்ரிலியா ஆர்எஸ் 457-ஐத்தான் சொல்வேன். வெனிஸ் பக்கத்து நோவாலே ஊர்க் கம்பெனி, ஆனால் இந்த வண்டியைச் செய்வது மகாராஷ்டிரத்தின் பாராமதியில். 2023 டிசம்பரில் வந்தபோது 4 லட்சத்து 10 ஆயிரம், எடை 175 கிலோ. அதன் கிராங்க் 270 டிகிரி. சிலிண்டர் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன, ஆனாலும் வெடிக்கிற தாளம் டுகாட்டியின் அதே தாளம். என் பட்டறைக்கு ஒரு பையன் ஓட்டிக்கொண்டு வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். குரல் சின்னது, பேச்சு அதே பேச்சு.

டுகாட்டியும் மாறிக்கொண்டுதான் வருகிறது. 2020-இல் முல்டிஸ்ட்ராடா வி4-க்குச் செய்த எஞ்சினில் டெஸ்மோவை விட்டுவிட்டு ஸ்பிரிங் போட்டார்கள். வால்வு பார்ப்பது 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று ஆயிற்று. புதிய வி2 எஞ்சினும் ஸ்பிரிங்தான். எஃகு நன்றாகிவிட்டது, தாலியோனிக்கு அன்று இருந்த சிக்கல் இன்று இல்லை. நம்மைப் போல சர்வீஸுக்குத் தூரம் போகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம், அதை நான் மனதார வரவேற்கிறேன். என் வண்டியை மட்டும் மாற்றுவதாக இல்லை.

அடுத்த மாதம் அதற்குப் பெல்ட் மாற்ற வேண்டிய முறை. விடிகாலை நாலு மணிக்குக் கொச்சிக்குக் கிளம்புவேன். கடைசி சர்வீஸில் கழற்றிய ஷிம்கள் ஒரு டப்பாவில் என் பட்டறை மேசையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டர் பாதி திறந்திருக்கும். பிள்ளைகள் யாராவது வந்தால், மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.