ஆயிரம் வைத்தும் அசையாத கொடி

முன்வரிசைத் தம்பி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "ஐயா, காற்றின் வலிமையை ஆயிரம் என்று வைத்தேன். கொடி தொய்கிறதே தவிரப் பறக்கவில்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளில் ஏதாவது கோளாறா?"

கோளாறு இல்லை தம்பி, அது கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது. கணினிக்குத் துணி என்பது எடையுள்ள புள்ளிகளும் அவற்றைப் பிணைக்கும் சுருள்வில்களும்தான். காட்சியில் நாம் வைக்கும் காற்று போன்ற விசையின் மூலத்தை விசைப்புலம் என்கிறோம்; அது அந்தப் புள்ளிகளைத் தள்ளுகிறது. ஆனால் காற்று துணியைத் தள்ளும்போது, துணியின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். முகத்தில் நேராக அடித்தால் முழு விசை. விளிம்பின் போக்கில் அடித்தால் பூஜ்யம். நீங்கள் கம்பத்திலிருந்து கொடி நீளும் திசையிலேயே காற்றை வைத்திருக்கிறீர்கள். பூஜ்யத்தை ஆயிரத்தால் பெருக்கினால் என்ன வரும்?

காற்றைப் பத்து டிகிரி திருப்பிப் பாருங்கள். விசையில் சுமார் 17 விழுக்காடு துணியின் முகத்தில் விழும். கொடி எழும். ஆனால் அப்போதும் உயிர் இருக்காது. பாய்மரம்போல ஒரே வளைவாக உப்பி நிற்கும். இங்கேதான் கொந்தளிப்புப் புலம், அதாவது ஒழுங்கற்ற சுழிப்புகளால் தள்ளும் விசைப்புலம், வேண்டும். அதில் எல்லாரும் வலிமையைத்தான் திருகுகிறார்கள். எனக்குச் சுழிப்பின் அளவுதான் முக்கியம். சுழிப்பின் அளவு கொடியைவிடப் பெரிதாக இருந்தால் கொடி முழுவதும் பலகைபோல ஒருசேர ஆடும். மிகச் சிறிதாக இருந்தால் குளிரில் நடுங்குவதுபோல வெடவெடக்கும். கொடி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் நான் தொடங்குவேன். இது விதியல்ல, என் கைப்பழக்கம்.

தமிழில் துணி காயப் போடுவதும் கொடிதான். மொட்டைமாடியில் காயும் சேலையைப் பாருங்கள். ஒரு முனை எழுந்து, அந்த அலை மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் முனை அடங்கிவிடும். காற்று விட்டுவிட்டுத்தான் வீசுகிறது. ஆகவே வலிமைக்குக் கீஃபிரேம் போடுங்கள், அதாவது இந்த நொடியில் இந்த மதிப்பு என்று குறித்துவையுங்கள். ஒரே எண்ணில் விட்டுவைக்காதீர்கள்.

காற்றே இல்லாத கொடியும் உண்டு. 1969இல் நிலவில் நட்ட கொடியின் மேல்விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி இருந்தது. அது முழுதாக நீளாததால் துணியில் மடிப்புகள் நின்றன. பார்த்தவர்கள் காற்றென்று நினைத்தார்கள். அந்தக் காட்சியைச் செய்ய வேண்டுமானால் புலம் எதுவும் வேண்டாம். ஈர்ப்பைப் பூமியின் 9.81இலிருந்து நிலவின் 1.62க்கு இறக்குங்கள், அசைவைத் தடுக்கும் காற்றின் பிசுக்குமையைப் பூஜ்யமாக்குங்கள். கம்பத்தை ஒருமுறை தட்டினால் கொடி நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். இழுத்து நிறுத்தக் காற்றில்லையே.

சரி தம்பி, உங்கள் கோப்பைத் திரையில் போடுங்கள். முதலில் அந்த ஆயிரத்தை அழியுங்கள்.