உறைந்த ஏரிக்கு அடியில் வலை விரிப்பது எப்படி?

[காட்சி: வெள்ளைவெளேரென்று ஒரு சமவெளி. நடுவில் ஒருவர் குனிந்து நின்று கயிற்றைச் சுண்டிக்கொண்டிருக்கிறார்.]

இவர் நிற்பது ஏரியின் மேல். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் உள்ள வின்னிபெக் ஏரி இது. பரப்பளவு சுமார் 24,500 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் மேலே முழுக்க உறைந்துவிடும். ஐஸ் மிதக்கும் பொருள் என்பதால் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்; ஒயிட்ஃபிஷ் என்ற மீன் அங்கே வழக்கம்போல இரை தேடித் திரியும்.

ஐஸில் துளை போட்டுத் தூண்டில் விடுவதை நிறைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். பொழுதுபோக்குக்கு அது சரி. மீனை விற்றுப் பிழைப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. வலை வேண்டும், அதுவும் 90 மீட்டர் நீளத்தில். படகு ஓட்ட வழியில்லை. அவ்வளவு நீளத்துக்கு ஐஸை வெட்டித் திறக்கவும் முடியாது. அப்புறம் எப்படி?

[காட்சி: ஒயிட்ஃபிஷ், பக்கவாட்டில். வாய்ப்பகுதி பெரிதாகிறது.]

முதலில் மீனைப் பாருங்கள். சின்ன வாய், மூக்குக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி. ஏரித்தரையில் கிடைக்கும் நத்தை, சிறு சிப்பி, பூச்சிப் புழுக்கள்தான் முக்கிய இரை. அதனால் வலையும் தரையை ஒட்டி நிற்க வேண்டும். மேல் கயிற்றில் மிதவை, கீழ்க் கயிற்றில் ஈயம். நடுவே வலை சுவர்போல் நிற்கும். இது செவுள் வலை. மீனின் தலை கண்ணிக்குள் நுழையும், உடம்பு நுழையாது. பின்வாங்கப் பார்த்தால் நூல் செவுளுக்குள் மாட்டிக்கொள்ளும். சின்ன மீன் தப்பிவிடும்.

பழைய முறை இது: வரிசையாகத் துளைகள் போட்டு, கயிறு கட்டிய நீளக் கழியை ஐஸுக்கு அடியில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குத் தள்ளுவார்கள். பாவாடைக்கு ஊக்கு வைத்து நாடா கோர்ப்போமே, அதே வேலைதான். கழி 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 90 மீட்டருக்கு 16 துளை. கடப்பாரையால் குத்திக் குத்தி! 1875-இல் ஐஸ்லாந்திலிருந்து வந்து இந்த ஏரிக்கரையில் கிம்லி என்ற ஊரில் குடியேறியவர்களுக்குக் கடலில் மீன் பிடிக்கத் தெரியும். உறைந்த ஏரிக்கு அடியில் வலை விரிப்பது அவர்களுக்கும் புதுசு.

[காட்சி: பளிச்சென்று வண்ணம் பூசிய ஒரு பலகை. நடுவில் நீளமான பிளவு, அதில் ஓர் இரும்புக் கை.]

இப்போது இரண்டே துளை போதும். காரணம் இந்தப் பலகை. பெயர் ஜிகர். பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. என்னைக் கேட்டால், துளை போடும் இயந்திரத்தைவிட இதுதான் பெரிய மூளைவேலை.

முதல் துளை வழியாகப் பலகையை உள்ளே நுழைக்கிறார்கள். மரம் மிதக்குமல்லவா, அதனால் ஐஸின் அடிப்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. துளையருகே நிற்பவர் கயிற்றை இழுக்கிறார். இரும்புக் கை திரும்பி, அதன் கூர்முனை ஐஸில் குத்திப் பிடித்துப் பலகையை முன்னே தள்ளுகிறது. இழுப்பது பின்பக்கம், பலகை போவது முன்பக்கம்! கயிற்றைத் தளர்த்தினால் கை பழைய நிலைக்கு வந்துவிடும். மறுபடி இழு, மறுபடி தளர்த்து. பலகை கயிற்றையும் கூட்டிக்கொண்டு போகிறது.

[ஒலி: ஐஸுக்கு அடியிலிருந்து 'டக்'... 'டக்'...]

அது எங்கே போகிறது என்று இன்னொருவர் மேலே நடந்தபடியே கவனிப்பார். தெளிந்த ஐஸ் என்றால் பூசிய வண்ணம் கண்ணுக்குத் தெரியும். பனி மூடியிருந்தால் இந்த 'டக்' சத்தம்தான் வழிகாட்டி. ஐஸின் அடிப்பக்கம் கரடுமுரடாக இருந்தால் ஜிகர் சிக்கிக்கொள்ளும், அது தனித் தலைவலி. போதிய தூரம் போனதும் பலகை நிற்கும் இடத்தில் இரண்டாவது துளை. கொக்கியால் கயிற்றை மேலே எடுக்கிறார்கள். முதல் துளையில் கயிற்றின் முனையில் வலையைக் கட்டிவிட்டு, இரண்டாவது துளையிலிருந்து இழுத்தால் வலை தானாக உள்ளே போய் விரிகிறது. இரு முனைகளையும் கட்டி, அடையாளத்துக்குக் கம்பு நட்டால் வேலை முடிந்தது.

[காட்சி: உருண்டையான முகப்புள்ள பழைய பனிவண்டி.]

இந்த வண்டி பம்பார்டியர் பி-12. 1940-களில் வந்த மாடல், இந்த ஏரியில் ரொம்ப காலம் உழைத்தது. ஒரு விஷயம்: தெளிந்த ஐஸ் 10 செ.மீ. இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம் என்பார்கள், காருக்கு 20 முதல் 30 செ.மீ. பால்போல் வெளுத்த ஐஸுக்கு அதில் பாதி பலம்தான்.

[காட்சி: வலை துளை வழியாக மேலே வருகிறது. மீன்கள்.]

வலையை எடுக்கும்போது ஒரு தந்திரம் உண்டு. மறுமுனையில் நீளக் கயிற்றைக் கட்டிவிட்டு வலையை இந்தப் பக்கம் இழுப்பார்கள். வலை வெளியே வர வர, கயிறு அதன் இடத்துக்கு வந்துவிடும். சின்னக் கொக்கியால் செவுளிலிருந்து நூலை விலக்கி மீனை எடுப்பார்கள். சீக்கிரம் எடுக்க வேண்டும். வெளிக்குளிரில் ஈரவலை கம்பிபோல் விறைத்துவிடும். முடிந்ததும் அந்தப் பக்கத்து ஆள் கயிற்றை இழுத்தால் வலை பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஜிகர் வண்டியிலேயே கிடக்கும். வலையை வேறு இடத்துக்கு மாற்றும்போதுதான் அதற்கு மறுபடி வேலை.