போரா அடிக்கும்போது ட்ரியெஸ்தேல இருக்கணும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இத்தாலின்னாலே நம்மாளுங்களுக்கு ரோம், வெனிஸ், மிலான், அப்புறம் அந்த சாஞ்ச கோபுரம், அவ்ளோதான், அதுவும் லீவு விட்ட மே மாசத்துலதான் கெளம்புவாங்க. நான் சொல்லப்போறது அந்த நாட்டோட வடகிழக்கு மூலையில, ஸ்லோவேனியா எல்லையை ஒட்டி, கடலுக்கும் மலைக்கும் நடுவுல இருக்கற ட்ரியெஸ்தேங்கற ஊரப் பத்தி. வெனிஸ்ல இருந்து ரயில்ல ரெண்டு மணி நேரம், அவ்ளோதான் தூரம். போறதா இருந்தா குளிர்காலத்துல போங்க, ஏன்னா அந்த ஊர அந்த ஊரா ஆக்குற விஷயம் குளிர்லதான் நல்லா தெரியும். அது ஒரு காத்து. பேரு போரா.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துல இயற்பியல் சொல்லிக்குடுக்கறவன். ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்து எப்படி புகுந்து வரும்னு பாத்து வளந்தவங்களுக்கு போராவ புரிஞ்சுக்கறது ரொம்ப சுலபம், மலைத்தொடர்ல எந்த இடம் தாழ்வா இருக்கோ அங்கதான் மொத்த காத்தும் நெருக்கியடிச்சுக்கிட்டு வரும். ட்ரியெஸ்தேக்கு பின்னாடி கார்ஸ்ட்னு ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், முன்னூறு நானூறு மீட்டர் உயரம், ஊர்ல இருந்து நிமுந்து பாத்தாலே தெரியும். அதுக்கும் பின்னாடி, கிழக்கே, மத்திய ஐரோப்பாவோட சமவெளியில குளிர்காலத்துல கனமான குளிர்ந்த காத்து தேங்கி நிக்கும். இந்தப் பக்கம் கடல் கொஞ்சம் கதகதப்பா இருக்கும், காத்தழுத்தம் கம்மியா இருக்கும். அவ்ளோதான், அங்க தேங்கி நின்ன குளிர் ஸ்லோவேனியாவுல போஸ்தோய்னா பக்கம் இருக்கற தாழ்வான கணவாய் வழியா வழிஞ்சு, கார்ஸ்ட் விளிம்புல இருந்து நேரா ஊர் மேல விழும். மேல இருந்து எறங்குற காத்து நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி சூடாகும்னு கிளாஸ்ல சொல்லுவோம், இதுவும் சூடாகத்தான் செய்யுது, ஆனா கெளம்பும்போதே அவ்ளோ ஜில்லுன்னு இருக்கறதால மூணு நாலு டிகிரி ஏறியும் அது குளிர்காத்தாவேதான் வந்து சேருது.

சீராவும் வீசாது. விட்டு விட்டு அடிக்கும், நடுவுல கொஞ்ச நேரம் ஓஞ்சுட்டா மாதிரி இருக்கும், நாம அதுக்கு எதிரா உடம்ப முன்னாடி சாச்சு நடந்துட்டு இருப்போம், சட்டுனு எதிர்ல ஒண்ணும் இல்லாம போயிடும், ரெண்டு எட்டு தானா முன்னாடி போவோம், அதுக்குள்ள அடுத்தது பக்கவாட்டுல வரும். பலமா அடிக்கற நாள்ல மணிக்கு நூறு கிலோமீட்டர் தாண்டறது சாதாரணம். செங்குத்தான தெருக்கள்ல சுவத்தோட இரும்புக் கைப்பிடி இருக்கும். முன்னல்லாம் காத்து வாங்குற மொனைங்கள்ல கயிறும் சங்கிலியும் கட்டி வச்சிருப்பாங்களாம், ஜனங்க அதப் புடிச்சிக்கிட்டே தெருவத் தாண்டற பழைய போட்டோக்கள் இப்பவும் கடைகள்ல மாட்டியிருக்கும். போரா அடிச்ச மறுநாள் காலையில தெருவுல நடந்தீங்கன்னா ரெண்டு விஷயம் கண்ணுல படும். ஒண்ணு, வரிசையா நிறுத்தின ஸ்கூட்டருங்க ஒண்ணு மேல ஒண்ணா சாஞ்சு கெடக்கும். இன்னொண்ணு, ஒவ்வொரு குப்பைத்தொட்டியிலயும் கம்பி வளைஞ்ச, துணி கிழிஞ்ச குடைங்க தலைகீழா சொருகியிருக்கும். அந்த ஊர்க்காரங்க குடை எடுக்க மாட்டாங்க, தலைய மூடற தொப்பி வச்ச ஜாக்கெட்தான். அதனால நீங்க போனாலும் கனமான ஸ்வெட்டர நம்பாதீங்க, காத்து புகாத மேல்கோட்டு ஒண்ணு, வழுக்காத ஷூ, போதும்.

மேல கார்ஸ்ட் கிராமங்கள்ல பழைய கல்வீடுங்களப் பாத்தா இன்னும் நல்லா புரியும். வடகிழக்குப் பக்கம் சுவத்துல ஜன்னலே இருக்காது, இருந்தாலும் சின்னதா இருக்கும். முத்தத்த சுத்தி உயரமா மதில், கூரை பறக்காம இருக்க மேல கல்லு. கட்டுறவங்க மொதல்ல காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டுதான் கல்ல வச்சிருக்காங்க.

அவங்களுக்கு அந்தக் காத்து மேல ஒரு பிரியம் இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான். வானம் தெளிஞ்சு வெயிலோட அடிச்சா அது வெளிச்ச போரா, மேகமும் மழையும் பனியுமா வந்தா இருட்டு போரா, ரெண்டுக்கும் தனித்தனியா பேரு. போராவுக்குன்னு ஒரு சின்ன மியூசியமே இருக்கு, உலகத்துல வேற வேற ஊர்க் காத்த பாட்டில்ல அடைச்சு அனுப்பச் சொல்லி சேத்து வச்சிருக்காங்க.

கடல் பக்கம் போவோம். பியாட்சா உனிதாங்கற பெரிய மைதானம், மூணு பக்கம் மாளிகை, நாலாவது பக்கம் நேரா கடல். அங்கருந்து கொஞ்சம் தள்ளி மோலோ அவுதாச்சேன்னு ஒரு கல்பாலம் கடலுக்குள்ள 246 மீட்டர் நீளுது. 1740கள்ல கட்ட ஆரம்பிச்சது, முங்கிப்போன ஒரு கப்பலோட உடல் மேலயே கட்டினது. கைப்பிடிச்சுவர் எதுவும் கெடையாது. நுனியில ஒரு கல்தூண், அது மேல வெண்கலத்துல திசைகாட்டி வட்டம், காத்துங்க எந்தெந்தப் பக்கத்துல இருந்து வரும்னு செதுக்கியிருக்கும். போரா நாள்ல அது வரைக்கும் போறது ஆபத்து, தூரத்துல நின்னே பாருங்க. அன்னைக்கு கடல் நம்ம கடல் மாதிரி கரையில வந்து மோதாது, காத்து கரையில இருந்து கடலுக்குள்ள போறதால கரையோரம் அலை சின்னதாத்தான் இருக்கும், ஆனா தண்ணியோட மேல்தோல உரிச்சு பொடியா தூக்கிட்டு ஓடும், பாத்தா கடல் புகையுதுன்னு தோணும். 2012 பிப்ரவரியில பல நாள் விடாம அடிச்சப்போ அந்தப் பொடித்தண்ணி கரையில இருந்த கம்பம், சங்கிலி எல்லாத்துலயும் உறைஞ்சு பனிக்கட்டியா தொங்குச்சு. இன்னொண்ணு நெறைய பேருக்குத் தெரியாது. அந்த வளைகுடா ரொம்ப ஆழமில்லாதது, இருவது இருவத்தஞ்சு மீட்டர்தான், அதனால போரா அத சீக்கிரம் குளுர வச்சிடுது, ஈரத்த உறிஞ்சு உப்பையும் கூட்டுது, அந்தத் தண்ணி கனமாகி அடியில எறங்கி ஏட்ரியாட்டிக் கடலோட தரை வழியாவே தெக்க நோக்கி நகருது, ஆழத்துல இருக்கற தண்ணிக்கு ஆக்சிஜன் அப்படித்தான் போய் சேருது.

சரி, இவ்ளோ சின்ன ஊருக்கு இவ்ளோ பெரிய மாளிகைங்க எதுக்கு? ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1719ல இத வரி இல்லாத துறைமுகமா அறிவிச்சார், 1857ல வியன்னாவுல இருந்து ரயில் வந்துடுச்சு, ஒரு பேரரசோட கடல்வாசலே இதுதான். 1918க்கு அப்புறம் இத்தாலி, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் சில வருஷம் யாருக்கும் சேராத தனிப்பகுதி, 1954ல திரும்ப இத்தாலி.

அந்தத் துறைமுகத்தால வந்ததுதான் காபி. வியன்னாவுக்கு காபிக்கொட்டை இந்த வழியாத்தான் போச்சு, இன்னைக்கும் இங்க காபி பெரிய தொழில், இல்லி கம்பெனி 1933ல இங்கதான் ஆரம்பிச்சது. நம்ம நாட்டு காபிய நெறைய வாங்குற நாடும் இத்தாலிதான், அதனால அந்தக் கோப்பையில குடகுக் கொட்டையும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. கவுண்டர்ல நின்னு 'காப்போ இன் பி'ன்னு கேளுங்க. நம்ம டீக்கடை கிளாஸ விட பாதி சைஸ்ல கண்ணாடி கிளாஸ், கீழ கெட்டியா காபி, மேல ஒரு விரக்கடை பால்நுரை, மூணு வாய்ல முடிஞ்சிடும். விறைச்ச விரலுக்கு அந்தச் சூடு அவ்ளோ எதமா இருக்கும். 1914ல தொறந்த சான் மார்க்கோ காபிக்கடையில புத்தகக்கடையும் சேந்தே இருக்கு, எவ்ளோ நேரம் உக்காந்தாலும் எழுந்திருன்னு யாரும் சொல்றதில்ல. சைவம் சாப்பிடறவங்க பாத்துக்கேளுங்க, யோத்தாங்கற பீன்ஸ் முட்டைக்கோஸ் சூப்புல பெரும்பாலும் பன்றிக்கறி இருக்கும். உருளைக்கிழங்கு மாவுக்குள்ள முழு பிளம் பழத்த வச்சு வேக வச்சு, வெண்ணெயில வறுத்த ரொட்டித்தூளும் பட்டைப்பொடியும் தூவிக் குடுப்பாங்க, அத விட்றாதீங்க.

இப்ப என் மனசுக்கு நெருக்கமான இடம். மீராமாரே கடற்கரையில அப்துஸ் சலாம் பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம், ஐசிடிபின்னு சொல்லுவோம். பாகிஸ்தான் இயற்பியலாளரான சலாம் 1950கள் ஆரம்பத்துல லாகூர்ல வேல பாத்தப்போ பேசக்கூட இன்னொரு ஆராய்ச்சியாளர் பக்கத்துல இல்லாம தனியா கெடந்தவர். சொந்த நாடா, இயற்பியலான்னு இனி எந்த ஏழை நாட்டுக்காரனும் தவிக்கக்கூடாதுன்னு 1964ல இத இந்த ஊர்ல ஆரம்பிச்சார். வா, கொஞ்ச நாள் இரு, படி, பேசு, திரும்ப ஒன் ஊருக்குப் போயி சொல்லிக்குடு, இதுதான் ஏற்பாடு. பிப்ரவரியில அங்க ஒளியியலுக்கு ஒரு குளிர்காலப் பள்ளி நடக்கும். நான் போனதும் அதுக்குத்தான். ஒரே மேசையில நைஜீரியாக்காரர், நேபாளத்துப் பொண்ணு, கியூபாக்காரர், வெளிய போரா ஜன்னல ஆட்டிட்டு இருக்கும், உள்ள எல்லாரும் ஒரு சமன்பாட்டப் புடிச்சு சண்டை போட்டுட்டு இருப்போம். எனக்குத் தெரிஞ்சு நம்ம காலேஜ் வாத்தியாருங்களுக்கு இவ்ளோ பெரிய மரியாத குடுக்கற இடம் வேற இல்ல.

பக்கத்துலயே பூங்காவுக்குள்ள நடந்தா மீராமாரே வெள்ளைக் கோட்டை, ஆஸ்திரிய இளவரசர் மேக்ஸிமிலியன் கட்டினது, அவர் மெக்சிகோவுக்கு பேரரசரா போயி 1867ல அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஊருக்குள்ள ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல ஒரு சின்ன பூங்கா, பியாட்சா லிபெர்தா. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துல இருந்து பால்கன் நாடுங்க வழியா காட்டுல நடந்தே வர்ற பையங்க அங்கதான் வந்து சேருவாங்க. சாயங்காலம் ஊர்க்காரங்க சில பேர் வந்து அவங்க புண்ணான கால கழுவி மருந்து போட்டு, ஷூவும் சாப்பாடும் குடுக்கறாங்க, வருஷக்கணக்கா நடக்குது. டிசம்பர், ஜனவரியில நாலரை மணிக்கே இருட்டிடற ஊர்ல, அந்தக் காத்துல. போறவங்க அதையும் பாக்கணும்.

இயற்பியல், கணக்கு படிக்கற பிள்ளைங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, ஐசிடிபி வெப்சைட்ல பயிற்சிப் பட்டியல் இருக்கும். பெரும்பாலும் பதிவுக் கட்டணம் கெடையாது, தேர்வானவங்கள்ல சில பேருக்கு பயணச் செலவும் தங்கற செலவும் அவங்களே பாத்துக்குவாங்க. கடைசித் தேதி மாசக்கணக்குக்கு முன்னாடியே முடிஞ்சிடும், அதனால பிப்ரவரிக்குப் போகணும்னா முந்தின வருஷ நடுவுலயே பாக்க ஆரம்பிங்க, பாஸ்போர்ட்டையும் அப்பவே எடுத்து வச்சிடுங்க. வணக்கம்.