அந்தப் பாட்டியின் பேர் என்ன?

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எதிரணியினரே, என் அணியினரே, பந்தலுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்தபடி கேட்கிறவர்களே, எல்லாருக்கும் வணக்கம். ஏழு நிமிடத்தில் மணி அடித்துவிடுவார்கள். அதனால் வணக்கத்தை இதோடு நிறுத்துகிறேன்.

தலைப்பு என்ன? மாநகரத் தெருவில் படுத்திருக்கிறவருக்குத் திருச்சபை முதலில் தர வேண்டியது சோறா, பேரா? பேர் என்றால், பேரைக் கேட்டு ஆளை ஆளாக நடத்துவது. நான் பேர் அணி. சோறு என்று பேசிய அண்ணன் பொழிந்து தள்ளிவிட்டார். அவர் பேசி முடித்து உட்கார்ந்தபோது மேடைத் தட்டில் நாலு முறுக்கு இருந்தது. இப்போது தட்டு மட்டும் இருக்கிறது. கொள்கைப் பிடிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

"பேரை வறுத்தா தின்பது?" என்று கேட்டார். கேட்கலாம். ஆனால் அண்ணே, இது சென்னை. 2013-லிருந்து அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். கோயிலில் அன்னதானம் உண்டு, தர்காவில் பிரியாணி உண்டு, நம் சபை வேன்கள் வேறு சுற்றுகின்றன. வயிற்றுக்கு ஏதோ ஒரு வழி இருக்கிறது. ரேஷன் கார்டு கேட்டுப் பாருங்கள். முகவரி எங்கே என்பார்கள். முகவரிக்கு வீடு வேண்டும். வீடு இருந்தால் அவர் ஏன் ஐயா பிளாட்பாரத்தில் படுக்கிறார்? நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் காப்பகத்துக்குப் போனாலும் நோட்டைத் திறந்து முதலில் என்ன கேட்பார்கள்? பேர்.

சரி, வாதம் போதும். நீங்கள் கதைக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பங்குக் கோயில் இளைஞர் குழு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு வால்டாக்ஸ் சாலைப் பக்கம் பொட்டலம் கொண்டு போகும். வேன் ஃபாதருடையது. டீசல் எங்களுடையது. இதை ஃபாதரை வைத்துக்கொண்டே சொல்கிறேன். கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகு அந்தப் படிகளில்தான் ஊரே படுக்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டால் பாய். மீன்பாடி வண்டி கிடைத்தால் கட்டில். அங்கே ஒரு பேப்பர் கடைப் படியில் ஒரு பாட்டி.

எங்கள் வேன் திரும்பும்போதே "மரியே வாழ்க!" என்பார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆகா, எவ்வளவு பக்தி! ஒரு நாள் நாங்கள் நேரத்தோடு போய் ஓரமாக நின்றோம். சி.எஸ்.ஐ. சபை வேன் வந்தது. பாட்டி எழுந்து "ஸ்தோத்திரம் ஐயா!" பத்து நிமிடம் கழித்து ஒரு பெந்தெகொஸ்தே வேன். இரண்டு கையையும் தூக்கி "அல்லேலூயா!" அது முடிந்து ஒரு பாய் பைக்கில் பிரியாணி கொண்டு வந்தார். "சலாம் பாய்!" கடைசியில் பெருமாள் கோயில் ஆட்கள் புளியோதரையோடு வந்தார்கள். "கோவிந்தா!" முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கிட்டப் போய், "என்ன பாட்டி இது?" என்றேன். "அவுங்கவுங்க சாமிய சொன்னாதான் தம்பி அவுங்களுக்கு நெறயுது" என்றார். நாங்கள் அவருக்குப் போட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்தான் எங்களுக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டிசம்பர் 24 ராத்திரி போனால், அவர் முன்னால் எட்டுப் பொட்டலம். மறுபடி சொல்கிறேன், எட்டு. கடை விரித்த மாதிரி வரிசையாக வைத்திருக்கிறார். நாங்கள் ஒன்பதாவதை நீட்டினோம். கையைக் கட்டிக்கொண்டார். "இன்னா தம்பி, ஏசு ஒரு நாளுதான் பொறந்தாரு. என் வயிறு தெனம் பொறக்குதே. நாளன்னிக்கு எவன் வருவான்?" சொல்லிவிட்டு, சி.எஸ்.ஐ. பிரியாணியில் கறி இருக்கிறது, ஆர்.சி., அதாவது நம் கத்தோலிக்கப் பிரியாணியில் முட்டைதான் இருக்கிறது என்று ஒரு புகாரும் கொடுத்தார். ஃபாதர், குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் அண்ணன் விட்ட குத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன சொன்னார்? "முதலில் பேரைக் கேட்பார்கள், அப்புறம் பேரை மாற்றுவார்கள். இந்த வாரம் முனியம்மா, அடுத்த வாரம் மேரியம்மா!" கைதட்டல் பந்தலைத் தூக்கியது. நானே தட்டினேன். என் அணித் தலைவர் முறைத்தார்.

அண்ணே, ஒரே ராத்திரியில் ஐந்து வேஷம் போட்டுவிட்டு அட்டையை விரித்துத் தூங்கப் போகிற பாட்டியை யாரால் மாற்ற முடியும்? பேர் மாறிய கணக்கைப் பார்ப்போமா? இத்தாலியிலிருந்து பெஸ்கி பாதிரியார் வந்தார். பேர் மாறியது. யாருக்கு? அவருக்கு! வீரமாமுனிவர் ஆனார். அவருக்கு முன்னே மதுரைக்கு நொபிலி பாதிரியார் வந்தார். காவி கட்டித் தத்துவ போதகர் ஆனார். இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ இயக்கத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்த டக்கர், வெள்ளைக்காரர் ஆட்சியின் ஐ.சி.எஸ். அதிகாரி வேலையை உதறியவர். 1882-இல் பம்பாயில் இறங்கி, வெறுங்காலோடு நடந்து, ஃபக்கீர் சிங் ஆனார். வந்தவன் எல்லாம் பேரை மாற்றிக்கொண்டான் அண்ணே, முனியம்மா முனியம்மாவாகத்தான் இருக்கிறார்!

கொல்கத்தாவுக்கு வாருங்கள். 1952-இல் அன்னை தெரசா காளிகட்டில், காளி கோயிலை ஒட்டி, யாத்ரீகர்கள் தங்கும் மண்டபத்தை மாநகராட்சியிடம் கேட்டு வாங்கி, சாகக் கிடந்தவர்களுக்காக ஓர் இல்லம் திறந்தார். அங்கே இந்துவுக்குக் கடைசியில் கங்கைத் தண்ணீர், முஸ்லிமுக்குக் குர்ஆன், கத்தோலிக்கருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அவஸ்தைப்பூசுதல். தெருவில் தூக்கி வந்த ஆளுக்கு இதில் எது என்று எப்படித் தெரியும்? பேரைக் கேட்டால்தானே?

அண்ணன் சொன்னதில் துளியும் உண்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பொட்டலத்தை வேனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பசித்தவர்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணியவர்களை அதே சாலையில் பார்த்திருக்கிறேன். குழந்தை அழுகிறது, ஜெபம் முடியவில்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். இயேசு சொன்ன கதையில் பணக்காரனுக்குப் பேர் கிடையாது. வாசலில் புண்ணோடு கிடந்த பிச்சைக்காரனுக்குத்தான் பேர், லாசரு. அவர் சொன்ன மற்ற உவமைகளில் ஒரு ஆளுக்கும் பேர் இல்லை. தேடிப் பாருங்கள்.

பாட்டியிடம் திரும்புவோம். "உங்க பேர் என்ன பாட்டி?" என்று முதல் தடவை கேட்டபோது முறைத்தார். "பேரா? இன்னாத்துக்கு? போலீஸா நீ?" இரண்டாவது தடவை, "கார்டு வாங்கித் தரப் போறியா?" மூன்றாவது தடவை பக்கத்தில் கூப்பிட்டுக் காதில் சொன்னார். யாரிடமும் சொல்லாதே, மகனுக்குத் தெரிந்தால் தேடி வந்துவிடுவான் என்றார். அதனால் இங்கேயும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், என் மாமியார் பேரும் அதுதான். அன்றிலிருந்து அந்தப் பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உள்ளூர நடுக்கம்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, படியில் ஆள் இல்லை. அட்டை மட்டும் நனைந்து கிடந்தது. டீக்கடைக்காரர், "வழுக்கி விழுந்துட்டாங்க, 108 ஏத்திட்டுப் போச்சு, ரெண்டு நாளாச்சு" என்றார். வேனைத் திருப்பினோம். ஓர் அரசு மருத்துவமனை. பேரைச் சொல்லிக் கேட்டேன். அப்படி ஒருவரும் இல்லை. பதிவேட்டில் 'பெயர் தெரியாத பெண், வயது சுமார் 65' என்று மூன்று வரி இருந்தது. வார்டு வார்டாக நடந்தேன். முதல் ஆள் இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது கட்டிலில் தலையில் கட்டோடு ஒருவர், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "ரெண்டு நாளா வாயே திறக்கலை சார். பாட்டின்னோம், அம்மான்னோம், திரும்பக்கூட இல்லை" என்றார் நர்ஸம்மா.

நான் குனிந்தேன். அவர் என் காதில் சொன்ன மாதிரியே அவர் காதில் அந்தப் பேரைச் சொன்னேன். ஒரு தடவை. இன்னொரு தடவை.

மணி அடிக்கிறது, கேட்கிறது தம்பி, ஒரு நிமிடம் பொறு.

மெல்லத் திரும்பினார். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். "இன்னிக்கு சனிக்கெழமையா?" என்றார். ஆமாம் என்றேன். நர்ஸம்மா கேஸ் ஷீட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, "பேரை இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று பேனாவோடு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டியே சொன்னார், வார்டுக்கே கேட்கிற மாதிரி. சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். "பொட்டலம் எங்கடா?"

அவசரத்தில் அதை வேனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். கீழே ஓடிப் போய் கான்டீனில் நாலு இட்லி வாங்கி வந்தேன். நடுவர் அவர்களே, அந்த நாலு இட்லியை அண்ணன் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.