அஞ்சு பேரு, ஒரே பக்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஐஸ் ஹாக்கில எந்த லைன் பெஸ்ட்டுன்னு கேட்டா பெரும்பாலும் மூணு பேரோட பேரைத்தான் சொல்வாங்க, ஏன்னா கனடாவுலயும் அமெரிக்காவுலயும் முன்னாடி ஆடுற மூணு ஃபார்வர்டை ஒரு செட்டாவும், பின்னாடி நிக்கிற ரெண்டு டிஃபென்ஸ்மேனை தனி ஜோடியாவும்தான் வெச்சுப்பாங்க. 1944-45 சீசன்ல மான்ட்ரியல் டீமோட பஞ்ச் லைன், அதாவது எல்மர் லாக், மாரிஸ் ரிச்சர்ட், டோ ப்ளேக், என்ஹெச்எல்ங்கிற வட அமெரிக்காவோட பெரிய லீக்லயே பாயின்ட்ஸ்ல, அதாவது கோலும் கோலுக்குக் குடுத்த பாஸும் சேர்ந்த கணக்குல, முதல் மூணு இடம் வாங்கினாங்க. 1949-50ல டெட்ராய்ட்ல டெட் லிண்ட்சே, சிட் ஏபல், கார்டி ஹவ் அதையே செஞ்சாங்க. ரெண்டும் சாதாரண விஷயம் கிடையாது. ஆனா நான் இன்னைக்கு பேச வந்தது அஞ்சு பேரா சேர்ந்து ஆடினவங்களைப் பத்தி, எனக்கு இந்த ஆட்டத்துல அதைவிட அழகானது எதுவும் இல்ல.

ஐஸ் மேல ஒரு டீமுக்கு கோலி, அதாவது கோல் கீப்பர், போக அஞ்சு பேரு. முழு வேகத்துல முக்கால் நிமிஷம் ஸ்கேட் பண்ணாலே கால் கெட்டியாயிடும், அதனால ஆட்டம் ஓடிட்டு இருக்கும்போதே பெஞ்சுலேர்ந்து ஆள் மாறிட்டே இருப்பாங்க. சோவியத் யூனியன்ல என்ன பண்ணாங்கன்னா, அஞ்சு பேரையும் ஒண்ணா இறக்கி ஒண்ணாவே வெளிய கூப்பிட்டுப்பாங்க, பிராக்டிஸ்லயும் அதே அஞ்சு, ஒரே கலர் ஜெர்சி. அப்படி பச்சை ஜெர்சி போட்ட செட்டுக்குத்தான் க்ரீன் யூனிட்னு பேரு வந்துச்சு. மாஸ்கோ ராணுவ க்ளப்போட ஆளுங்க. முன்னாடி க்ருதோவ், லாரியோனோவ், மகாரோவ், பின்னாடி ஃபெதிசோவ், கசதோனோவ். கோச் விக்டர் திகோனோவ். 1981ல லாரியோனோவ் அந்த க்ளப்புக்கு வந்தப்புறம் செட் முழுசாச்சு, 1984லயும் 1988லயும் ஒலிம்பிக் தங்கம்.

அவங்க ஆடின விதத்தை கொஞ்சம் சொல்றேன், கண்ணை மூடி நெனச்சுப் பாருங்க. அப்போ வட அமெரிக்க டீம்ங்க நடுக்கோட்டைத் தாண்டினதும் பக்கை, அதான் பந்துக்குப் பதிலா ஆடுற ரப்பர் வட்டை, எதிராளி மூலைக்கு அடிச்சு விட்டுட்டு பின்னாடியே துரத்திப் போய் இடிச்சுப் புடுங்குவாங்க. இவங்க கையில இருக்கிற பக்கை அப்படி விட்டுக்கொடுக்க மாட்டாங்க. எதிராளி பகுதி ஆரம்பிக்கிற ப்ளூ லைன்ல நாலு பேரு மறிச்சு நிக்கிறாங்களா, சரி, மகாரோவ் அப்படியே திரும்பி பக்கை பின்னாடி ஃபெதிசோவுக்குத் தள்ளுவாரு, மத்தவங்க குறுக்கும் நெடுக்குமா இடம் மாத்திக்கிட்டு வேகம் எடுப்பாங்க, ரெண்டாவது தடவை வரும்போது லெஃப்ட்ல இருந்தவரு ரைட்ல இருப்பாரு, டிஃபென்ஸ்மேன் ஃபார்வர்டா மாறி மேல வந்திருப்பாரு, மறிச்சு நின்னவங்களுக்கு யாரைப் புடிக்கிறதுன்னே தெரியாது. திரும்பிப் பார்க்காமலே பாஸ் குடுப்பாங்க, அங்க ஆள் இருப்பாங்கன்னு தெரியும்.

எப்படி தெரியும்னா, அந்த அஞ்சு பேரும் வருஷத்துல பதினொரு மாசம் அர்ஹாங்கெல்ஸ்கோயெங்கிற பயிற்சி முகாம்ல அடைஞ்சு கிடந்தாங்க. கல்யாணம் ஆனவங்களும் குழந்தை இருக்கிறவங்களும் அங்கயேதான். இதை மறைச்சுட்டு அந்த ஆட்டத்தோட அழகை மட்டும் பேசுறது தப்புன்னு நான் நினைக்கிறேன். 1988ல லாரியோனோவ் திகோனோவை எதிர்த்து பத்திரிகைல வெளிப்படையா கடிதம் எழுதினாரு, ராணுவ டீம்ல இருந்துக்கிட்டு அதை எழுத எவ்வளவு தைரியம் வேணும். ஃபெதிசோவ் வெளிநாட்டுல ஆட விடுங்கன்னு சண்டை போட்டு டீமை விட்டே ஒதுக்கப்பட்டாரு. இதுல கசதோனோவ் கோச் பக்கம் நிக்க, அவ்வளவு வருஷம் பக்கத்துல பக்கத்துல ஆடின ரெண்டு பேருக்கும் பேச்சே நின்னு போச்சு.

1989ல கதவு தொறந்ததும் அஞ்சு பேரும் என்ஹெச்எல் போனாங்க, ஆனா சிதறிப் போனாங்க. மகாரோவ் கால்கரி, க்ருதோவும் லாரியோனோவும் வான்கூவர், ஃபெதிசோவும் கசதோனோவும் நியூ ஜெர்சி. மகாரோவ் 31 வயசுல சிறந்த புதுமுகம் விருதே வாங்கினாரு, அதுக்கப்புறம் அந்த விருதுக்கு வயசு வரம்பு வெச்சாங்க. க்ருதோவுக்கு ஒரே சீசன்தான் ஓடுச்சு. அந்த ஆட்டம் அத்தோட முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க.

இங்கதான் டெட்ராய்ட் கோச் ஸ்காட்டி போமன் வர்றாரு. அந்த டீம்ல ஏற்கெனவே ஃபெதோரோவ், கோஸ்லோவ், கான்ஸ்டாண்டினோவ்னு மூணு ரஷ்ய இளைஞர்கள் இருந்தாங்க. 1995 ஏப்ரல்ல ஃபெதிசோவ் வந்தாரு, அக்டோபர்ல லாரியோனோவ். லாரியோனோவுக்காக டெட்ராய்ட் விட்டுக்கொடுத்தது யாரைன்னா, 1993-94 சீசன்ல 52 கோல் அடிச்ச ரே ஷெப்பர்டை! அக்டோபர் 27, கால்கரில அஞ்சு பேரையும் ஒண்ணா இறக்கினாங்க, 3-0 வெற்றி. பழைய ஆட்டம் அப்படியே திரும்பி வந்துச்சு, இந்த தடவை முகாம் இல்ல, பூட்டு இல்ல, ராத்திரி அவங்கவங்க வீட்டுக்குப் போனாங்க. எனக்கு க்ரீன் யூனிட்டை விட இவங்க ஒரு படி மேல, காரணம் அதுதான். டிசம்பர் 2ஆம் தேதி மான்ட்ரியல்ல அவங்க மண்ணுலயே 11-1, கோஸ்லோவ் மட்டும் நாலு கோல், கோலி பேட்ரிக் ருவா ஒன்பது கோல் வாங்கி வெளிய வந்தாரு, நாலு நாள்ல கொலராடோவுக்கு மாறிட்டாரு. அந்த சீசன்ல டெட்ராய்ட் 62 மேட்ச் ஜெயிச்சாங்க, அதுவரைக்கும் யாரும் அவ்வளவு ஜெயிச்சதில்ல, ஆனா லீக் கோப்பையான ஸ்டான்லி கப் கிடைக்கல.

1997 ஜூன் 7 அன்னைக்குத்தான் கிடைச்சுது, பிலடெல்பியாவை ஃபைனல் தொடர்ல நாலு மேட்ச்சும் ஜெயிச்சு 4-0ன்னு முடிச்சு, டெட்ராய்ட்டுக்கு 42 வருஷத்துக்கு அப்புறம் ஸ்டான்லி கப். கேப்டன் ஸ்டீவ் ஐசர்மேன் கோப்பையை ஃபெதிசோவ் கையில குடுக்குறாரு, அவரு தனியா தூக்கிட்டுப் போகல, லாரியோனோவைக் கூப்பிட்டாரு, முகாம்ல ஒண்ணா கிடந்த ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கிட்டு ஐஸ்ல சுத்தி வந்தாங்க. அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல, ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைச்சுக்கும்.

ஆறே நாள். கொண்டாட்டம் முடிஞ்சு திரும்பின கார் மரத்துல மோதி, ஃபெதிசோவ் தப்பிச்சாரு, கான்ஸ்டாண்டினோவுக்கும் டீமோட மசாஜ்காரர் ம்னத்சகானோவுக்கும் தலைல பலத்த அடி. லீக்லயே எல்லாரும் பயந்த டிஃபென்ஸ்மேன், முப்பது வயசு, மறுபடி ஸ்கேட் மாட்டவே முடியல. அடுத்த சீசன் முழுக்க டீம் ஜெர்சில அவங்க ரெண்டு பேரோட இனிஷியலும் நம்பிக்கைங்கிற வார்த்தையும் தெச்சுக்கிட்டு ஆடினாங்க, 1998 ஜூன்ல வாஷிங்டனையும் 4-0ன்னு ஜெயிச்சாங்க. ஐசர்மேன் கோப்பையை வாங்கினதும் நேரா வீல்சேருக்கு வந்தாரு. கான்ஸ்டாண்டினோவ் மடியில வெச்சாரு. ஸ்கேட் போட்ட ஆளுங்க எல்லாம் சுத்தி நின்னு அந்த வீல்சேரை ஐஸ் மேல மெதுவா தள்ளிக்கிட்டே போனாங்க.