சீஓ-3 நட்டாயிற்று, மாட்டை எங்கே விடுவது?

(திருகோணமலைப் பண்ணையாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, கமநல சேவைகள் நிலைய அதிகாரிகளே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்திருக்கும் கால்நடை வைத்தியர் அவர்களே, (அவருடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, எழுந்து போய்ப் பேசட்டும், பருவத்துக்கு வந்த மாடு கூட்டம் முடியுமட்டும் காத்து நிற்காது) கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய், குச்சவெளிப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் பண்ணையாளர்களே, தாய்மாரே! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பொன்னாடை போர்த்திய சங்கத்தாருக்கும் நன்றி.

மூன்று விடயம் பேசச் சொன்னார்கள்: புல் நடுகை, துளிர்க்கும் தடிகளை ஊன்றி வளர்க்கும் கதியால் வேலி, பச்சைப் புல்லைக் காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தும் சைலேஜ். ‘ஆடுற மாட்டை ஆடிக் கற, பாடுற மாட்டைப் பாடிக் கற’ என்பார்கள். நிலத்துக்கும் அதுதான் சட்டம்.

சீஓ-3 கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கம்பையும் நேப்பியரையும் இணைத்துத் தந்த புல். விதையில் வராது, தடிதான் நடவேண்டும். முற்றிய தண்டில் இரண்டு கணுவுள்ள துண்டாக வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள்ளும் மற்றது வெளியிலும் இருக்கச் சாய்த்து ஊன்றுங்கள். வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர், தடிக்குத் தடி 50. இருபது பேர்ச்சில், அதாவது அரைக்கால் ஏக்கரில், ஏறக்குறைய 1,650 தடி பிடிக்கும். அதை ஒன்பது பாத்தியாகப் பிரித்து, ஐந்து நாளைக்கு ஒரு பாத்தி வெட்டினால், முதல் பாத்திக்குத் திரும்பி வரும்போது 45 நாள். தூருக்கு ஒரு கிலோ என்று கணக்குப் பார்த்தாலும் நாளுக்கு 36 கிலோ பச்சைப் புல். ஒரு கறவை மாட்டின் வயிற்றுக்கு அது காணும். ஆனால் கோடையில் தண்ணீர் பாய்ச்சவேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் கிணறு வற்றினால் இந்தக் கணக்கும் வற்றும்.

தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் இதை நட்டால் இலை மஞ்சளாகி வேர் அழுகும். அங்கே பாராப்புல் போடுங்கள். தென்னை நிழலுக்குக் கினிப்புல். முதல் வெட்டு 75 நாளில். நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், ஒட்ட வெட்டினால் தூர் செத்துப்போகும். நீண்ட வரட்சிக்குப் பிறகு மழை பெய்ததும் யூரியா போட்டுத் துளிர்த்த இளம் புல்லை உடனே வெட்டிக் கொடுக்காதீர்கள். அதில் நைத்திரேற்று கூடியிருக்கும், மாடு விழும்.

ஒரு ஐயாவின் கதை சொல்கிறேன். எந்த ஊர் என்று கேட்கக்கூடாது. நட்ட புல் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. வெட்ட மனமில்லை. வருகிறவர் போகிறவரை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். “கரும்பு மாதிரி நிக்குது பாத்தியளோ?” நூறு நாள், நூற்றிருபது நாள். கடைசியில் வெட்டிப் போட்டார். மாடு இலையை உருவித் தின்றுவிட்டுத் தடியை மிதித்துக்கொண்டு நின்றது. பாலும் குறைந்தது. “புல் சரியில்லை” என்று சந்தியெல்லாம் சொல்லித் திரிந்தார். வீட்டு அம்மா சொன்னாவாம்: “தடியைத் தின்ன அது என்ன யானையா?” யானைக்குக் கேட்டுவிட்டது போலும். மூன்றாம் நாள் இரவு காட்டிலிருந்து வந்து, மிச்சம் நின்றதை வேரோடு இழுத்துத் தின்றுவிட்டுப் போனது! முற்றின தண்டில் புரதம் குறையும், நார் கூடும், அவ்வளவுதான் விடயம். பாடுற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும், ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது.

அடுத்தது வேலி. கம்பிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடியுங்கள். ஐப்பசி மழையோடு கிளிசரியா மரத்தின் ஐந்தடிக் கதியாலை நடுங்கள். மேல் நுனியைச் சாய்வாக வெட்டினால் தண்ணீர் நின்று அழுகாது. முதல் வருடம் கை வைக்காதீர்கள். பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழை வெட்டலாம். புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல். மாடு முதலில் மணத்துக்கு முகத்தைத் திருப்பும். இரவு முழுக்க வாடவிட்டு, தவிட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

இவ்வளவும் ஒன்றிரண்டு மாடு உள்ளவருக்குச் சரி. நாற்பது, ஐம்பது நாட்டு மாட்டை இருபது பேர்ச்சில் கட்டிவைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. மாரி மழையோடு வரும் பெரும்போக நெற்செய்கைக்கு ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. விதைப்புத் திகதி முடிவாகிறது. மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்தும் திகதியும் முடிவாகிறது. எங்கே அப்புறப்படுத்துவது? காட்டுக்குள் போனால் வன இலாகா, வயலோரம் நின்றால் பொலிஸ். பயிர் அழிந்த வயல்காரரையும் நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் கடன் இருக்கிறது.

பிரதேச செயலாளர் அவர்களே, மரியாதையோடு கேட்கிறேன். இந்த முறை திகதிக்குப் பக்கத்தில் இடத்தின் பெயரையும் எழுதுங்கள். அந்த இடத்தை அளந்து, மேய்ச்சல் தரை என்று வர்த்தமானியில் போடுங்கள். எல்லை தெரிந்தால் நாங்களே கதியால் நட்டு, புல்லும் பதித்து, தவணை முறையில் மேய்ப்போம். எல்லையில்லாத தரையில் எவர் புல் நடுவார்? நடுகிறவர் ஒருவர், மேய்க்கிறவர் இன்னொருவர் ஆகிவிடும். அலுவலகங்களையும் ஆடிக் கறக்கவேண்டியது ஆடியும் பாடிக் கறக்கவேண்டியது பாடியும்தான் கறக்கவேண்டியிருக்கிறது; இன்று பாடியிருக்கிறேன்.

சைலேஜுக்கு நேரம் இல்லை, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். மேய்ச்சல் தரை கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையொப்பத்தோடு மாட்டுத்தொகையையும் காதுப்பட்டி இலக்கங்களையும் எழுதுங்கள். இலக்கம் இல்லாத மாட்டுக்கு அலுவலகத்தில் இடம் கேட்க முடியாது. நடுகைத் தடி வேண்டியவர்கள் சாக்கோடு வாருங்கள், வெட்டின தடியை நிழலில் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள், தாமதியாமல் நட்டுவிடுங்கள்.